டீ கிளாசுக்குள் கடுக்காய் மை

"சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்கிறார் மருந்துக் கடைக்காரர். "டீ குடிச்சுட்டுப் போட்டுக்கலாங்களா?" என்று திருப்பிக் கேட்கிறார் மாத்திரை வாங்க வந்தவர். நாமக்கல் மாவட்டத்தில் எந்த மருந்துக் கடை வாசலிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. கொல்லிமலையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் நியாயம் உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை அது. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். விடியற்காலைக் குளிரில் முதலில் வயிற்றுக்குள் போவது சூடான டீதான். அதன்பிறகு வேலை. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியில் காய் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்க வேண்டும். குச்சிக்கிழங்கு பிடுங்கக் குனிந்தே இருக்க வேண்டும். அன்னாசியும் வாழைத்தாரும் சுமந்து சரிவில் ஏறி இறங்க வேண்டும். முட்டியும் இடுப்பும் வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைக்காரரிடம் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்: டீ, வலி மாத்திரையின் வேலையைக் கெடுக்காது. ஆனால் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது. கூடவே, யாரும் கேட்காத இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுகிறவர், சாப்பாட்டோடு சேர்த்து டீயும் குடிக்கிறவராக இருந்தால், உடம்பின் இரும்புக் கணக்கில் மாத்திரை செலவைக் கூட்டுகிறது. டீ வரவைக் குறைக்கிறது. இரண்டும் தனித்தனியாகச் சின்ன விஷயங்கள். சேரும்போது ரத்தசோகை.

மாத்திரை எங்கே கை வைக்கிறது?

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். வலியோடு வீக்கத்தையும் குறைப்பவை, ஸ்டீராய்டு அல்லாதவை. பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. அது வலியையும் காய்ச்சலையும் குறைக்கும், வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது. வயிற்றையும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. நம் ஊரில் அதிகம் விற்கும் வலி மாத்திரைகளில் அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் ஒன்றாகவே இருக்கும். அட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்காதவர், "காய்ச்சல் மாத்திரைதானே" என்று மேலும் ஒரு பாராசிட்டமாலைச் சேர்த்துப் போட்டுக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினை 1899-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1971-இல் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் அதை விளக்கினார். அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் செல்கள் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவைதான் அந்த இடத்தைச் சிவக்க, வீங்க, வலிக்க வைக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அவற்றைத் தயாரிக்கும் காக்ஸ் என்ற நொதியை முடக்குகின்றன. புரோஸ்டகிளாண்டின் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1982-இல் வேனுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. புரோஸ்டகிளாண்டின் வலிக்கு மட்டும் உரியதல்ல. இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலம் ஊறுவதும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் சுரப்பதும், அந்தச் சுவருக்கு ரத்தம் தாராளமாகப் போவதும் அதன் தயவில்தான் நடக்கின்றன. நம் இரைப்பை அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிட வீரியமானது. அப்படிப்பட்ட அமிலத்தில் இரைப்பை தன்னையே செரித்துவிடாமல் இருப்பது இந்தக் காவலால். முட்டியில் வீக்கத்தை அடக்கும் மாத்திரை இரைப்பையில் காவலையும் விலக்குகிறது.

காக்ஸ் நொதியிலேயே வீக்கத்துக்கு ஒன்று, காவலுக்கு வேறொன்று என்று இரண்டு வகை இருப்பது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. வீக்கத்தோடு அதிகம் தொடர்புள்ள காக்ஸ்-2-ஐ மட்டும் குறிவைத்துப் புதிய மாத்திரைகள் வந்தன. வயிறு தப்பித்தது, இதயம் மாட்டிக்கொண்டது. அவற்றுள் ஒன்றான ரோஃபெகாக்சிப், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டியதால் 2004-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. எல்லா உறுப்பையும் விட்டுவிட்டு வலியை மட்டும் தொடும் மாத்திரை இன்னும் வரவில்லை.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் புரியும். "மாத்திரை வேண்டாம், வயிறு புண்ணாயிடும், ஊசியே போட்டுடுங்க" என்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். டைக்ளோஃபெனாக் ஊசி இடுப்பில் இறங்கினாலும் ரத்தத்தோடு சுற்றி வந்து இரைப்பைச் சுவரில் அதே நொதியைத்தான் முடக்கும். மாத்திரை நேராகச் சுவரில் படுவதால் வரும் எரிச்சல் ஊசியில் இருக்காது. காவல் விலகுவது இரண்டிலும் உண்டு. சாப்பிட்டபின் மாத்திரை போடுவதற்கும் இதே கணக்கு. எரிச்சலும் குமட்டலும் குறையும். புண் வரும் வாய்ப்பு முழுசாகப் போய்விடாது.

டீ அங்கே என்ன செய்கிறது?

டீயின் முதல் சரக்கு காஃபின். டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் ஒன்றில் தோராயமாக 30 முதல் 40 மில்லிகிராம் இருக்கும். வலி மாத்திரைக்கு காஃபின் எதிரி அல்ல, கூட்டாளி. 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காஃபினைச் சேர்த்துக் கொடுத்தால், அதே மாத்திரையில் நல்ல நிவாரணம் பெறுவோர் எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் கூடுகிறது என்று 2014-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. தலைவலிக்கு நம் வீடுகளில் காலங்காலமாகப் புழங்கும் சாரிடானில் காஃபினும் ஒரு சேர்மானம். "மாத்திரை போட்டு ஒரு டீ அடிச்சாத்தான் தலைவலி விடுது" என்பவர் சொல்வதில் அறிவியல் இருக்கிறது.

காஃபினுக்கு மறுபக்கமும் உண்டு. அது இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும். பால் சேர்த்தால் அமிலம் அடங்கிவிடும் என்பது பாதி உண்மை. பால் முதலில் கொஞ்சம் முறிக்கும். பிறகு பாலில் உள்ள புரதமும் கால்சியமும் இன்னும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும். டீயால் மட்டும் அல்சர் வந்துவிடாது. இரைப்பைப் புண்ணின் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் அதன் பங்கை நிறுவி 2005-இல் நோபல் பெற்றார்கள். இரண்டாவது காரணம் இந்த வலி மாத்திரைகள். இந்தியாவில் கிருமி பரவலாக இருப்பதால் இரண்டும் ஒரே வயிற்றில் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். காவல் விலகிய சுவர் மேல், வெறும் வயிற்றில், கடுப்பான டீ போய் விழும்போது எரிச்சல் கூடும். அதனால்தான் டீயும் ரெண்டு பிஸ்கட்டும் 'சாப்பாடு' ஆகாது.

டீயோடு மாத்திரை விழுங்குவதில் பலரும் கவனிக்காத தொல்லை ஒன்று இருக்கிறது. சூடான டீயை யாரும் மடக்கென்று குடிப்பதில்லை. இரண்டு வாய் டீயில் விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். நின்ற இடத்தில் கரைந்து புண்ணாக்கும். விழுங்கியதும் படுத்துவிட்டால் இன்னும் மோசம். ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீர், பிறகு கொஞ்ச நேரம் நிமிர்ந்திருப்பது: இதற்கு அவ்வளவுதான் மருந்து. டைக்ளோஃபெனாக் மாத்திரை பலவற்றில், இரைப்பையில் கரையாமல் சிறுகுடலுக்குப் போனபின் கரையும்படியான மேற்பூச்சு இருக்கும். அதைக் கடிப்பதும் பொடித்துப் போடுவதும் அந்தப் பூச்சை வீணாக்குவதாகும்.

கறுக்கும் டீ

டீயின் இரண்டாவது சரக்கு துவர்ப்பு. டானின் என்று பொதுவாகச் சொல்லப்படும் பாலிஃபீனால்கள்தான் டீக்கு அந்தக் கடுப்பைத் தருகின்றன. டீக்கடையில் துணிப்பையில் தூளைப் போட்டு, கொதிக்கிற பாய்லர் தண்ணீரை ஊற்றி, அதே பையை மறுபடி மறுபடி அமுக்கிப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் டிகாஷனில் மணம். நேரம் போகப்போக இறங்குவது பெரும்பாலும் துவர்ப்பு.

இந்தத் துவர்ப்பு இரும்பை என்ன செய்யும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். பால் சேர்க்காத டீ கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையை நுணுக்கி அதில் கலக்குங்கள். பொன்னிறமாக இருந்த டீ கருநீலமாகி, பிறகு கறுத்துக் கலங்கும். நம் முன்னோர் எழுதிய கடுக்காய் மை இந்த வேதியியல்தான். கடுக்காயின் டானினோடு அன்னபேதியைச் சேர்த்தால் அழியாத கறுப்பு கிடைக்கும். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். சுகாதார நிலையத்து மாத்திரைகளில் இருக்கும் அதே உப்பு. சித்த மருத்துவத்தில் ரத்தசோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளும் அதுவே. மையாகிவிட்ட இரும்பு கரையாது. கரையாத இரும்பைக் குடல் உறிஞ்சாது. சாப்பாட்டில் இருக்கும் இரும்புக்கும் டீயோடு சேர்ந்தால் இதே கதிதான்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1975-இல் இதை மனிதர்களிடம் அளந்து காட்டினார்கள். ரொட்டியிலும் சோற்றிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதை டீ தடுத்தது. சமைத்த ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை அது தொடவில்லை. 1983-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கோப்பை டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 64 சதவீதம் குறைத்தது. காப்பி 39 சதவீதம். காப்பியை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்தபோது எந்தப் பாதிப்பும் இல்லை. டீயையும் உணவையும் ஒரு மணி நேரம் பிரித்தாலே தடை கணிசமாகக் குறைகிறது என்று 2017-இல் ஒரு பிரிட்டன் ஆய்வும் காட்டியது. பால் டீயில் பாலின் புரதம் டானினில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், முழுவதையும் அல்ல.

ஒரு மில்லிலிட்டரில் அரை மில்லிகிராம்

இப்போது கணக்கைப் போடலாம். உடம்பு ஒரு நாளில் உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் நாம் சாப்பிடுவது அதைவிடப் பல மடங்கு. ஆனால் தாவர உணவின் இரும்பில் சுமார் 5 முதல் 10 சதவீதமே உள்ளே சேர்கிறது. செலவுப் பக்கம்: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது.

ஆரோக்கியமானவருக்கும் குடல் வழியாக நாளுக்குச் சுமார் ஒரு மில்லிலிட்டர் ரத்தம் கசிந்துகொண்டுதான் இருக்கும். ஆஸ்பிரினை வலிக்கான முழு அளவில் தொடர்ந்து போடுகிறவர்களிடம் இது 5 மில்லிலிட்டர் வரை போவதை அளந்திருக்கிறார்கள். மற்ற வலி மாத்திரைகளில் பொதுவாகக் கசிவு இதைவிடக் குறைவு. கூடுதலாக 2 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு போகிறது. அதாவது அன்றைய வரவில் பாதியோ முழுவதுமோ. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு அந்தச் செலவு தனி: மாதம் 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம், 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்து கொக்கிப்புழு தொற்றியிருந்தால், அது குடிக்கும் ரத்தம் இன்னொரு செலவு. இதோடு மூன்று வேளைச் சாப்பாட்டையும் டீயோடு முடித்தால் வரவும் சுருங்குகிறது.

இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது, வலிக்கவும் வலிக்காது. வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வோரை எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் 15 முதல் 30 சதவீதம் பேரிடம் புண் இருக்கும். அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. வலியை மறைக்கும் மாத்திரை புண்ணின் வலியையும் மறைத்துவிடும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. இந்தியச் சராசரி 57 சதவீதம். கையிருப்பே இல்லாத இடத்தில்தான் இந்தக் கூடுதல் செலவு வந்து சேர்கிறது. கொல்லிமலையில் சாப்பாட்டின் முகமும் மாறியிருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கு ஏறியது. தட்டில் ரேஷன் அரிசி வந்தது. சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்துவருகிறது. தீட்டிய அரிசியிலும் குச்சிக்கிழங்கிலும் இரும்பு மிகக் குறைவு. கேழ்வரகிலும் துவர்ப்பு உண்டு, ஆகவே சிறுதானியம் சாப்பிட்டாலே ரத்தம் ஊறிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. அதில் உள்ள இரும்பை உள்ளே இழுக்க வைட்டமின் சி வேண்டும். அது அந்த மலையிலேயே இருக்கிறது: நெல்லிக்காய், அன்னாசி, எலுமிச்சை, ஆரஞ்சு. சாப்பிட்டு முடித்ததும் டீக்குப் பதில் ஒரு துண்டு அன்னாசி என்பது மருந்துச் சீட்டில் எழுதத் தகுந்த யோசனை.

இரும்பு குறைந்தவருக்கு முதலில் வருவது அசதி. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சிலருக்குப் பச்சரிசியோ சாம்பலோ மெல்லத் தோன்றும். இன்னும் சிலருக்கு இரவில் காலை நீட்டிப் படுத்ததும் குடைய ஆரம்பிக்கும். எழுந்து நடந்தால் தணியும். இப்படிப்பட்ட கால் குடைச்சலுக்கும் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு இருப்பது நிறுவப்பட்ட ஒன்று. ஆனால் வீட்டில் இதற்கு என்ன வைத்தியம் நடக்கிறது? அசதிக்கு இன்னொரு டீ. கால் குடைச்சலுக்கு இன்னொரு வலி மாத்திரை. ஒவ்வொரு டீயும் ஒவ்வொரு மாத்திரையும் அடுத்த டீயையும் அடுத்த மாத்திரையையும் தேட வைக்கின்றன. மலையில் உழைக்கும் உடம்பு என்பதால் இதை யாரும் நோய் என்று நினைப்பதும் இல்லை. "வேலை அதிகம், வயசாச்சு" என்று முடிந்துவிடுகிறது.

சூப்பும் மிளகும்

மூட்டுவலிக்கு மலையிலேயே ஒரு மருந்து உண்டு. அறப்பளீசுவரர் கோயிலைச் சுற்றியும் ஆகாய கங்கைக்குப் போகும் வழியிலும் முடவாட்டுக்கால் கிழங்கு விற்கிறார்கள். பக்கத்திலேயே சுடச்சுட சூப்பும் கிடைக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. மேலே பழுப்பு நிறத்தில் மயிர் மூடியிருக்கும், பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே தெரியும். தோலைச் சுரண்டி, நறுக்கி, மிளகு சீரகம் சின்ன வெங்காயத்தோடு தட்டிப்போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். இதன் சாறு எலிகளிடம் வீக்கத்தையும் வலியையும் குறைத்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. எலியின் பாதத்துக்கும் தேய்ந்த மனித முட்டிக்கும் தூரம் அதிகம். சூடான, உப்பும் மிளகும் போட்ட சூப் சுகமாக இருக்கும் என்பதில் சந்தேகமில்லை. அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதோ, சூப் குடிப்பதால் மாத்திரை வயிற்றைத் தொடாது என்று நம்புவதோ சரியில்லை.

அந்த சூப்பில் மருந்தியலாளர்களின் கண் போகும் பொருள் கிழங்கைவிட மிளகுதான். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தாமதப்படுத்தும். ஜம்முவில் உள்ள இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் இந்தக் குணத்தைக் காசநோய் மருந்துக்குப் பயன்படுத்தியது. ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து, மருந்தின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைத்த மாத்திரை 2009-இல் சந்தைக்கு வந்தது. டைக்ளோஃபெனாக்கும் இதற்கு விலக்கல்ல. ஆரோக்கியமானவர்களுக்குப் பத்து நாள் பைப்பரின் கொடுத்தபின் டைக்ளோஃபெனாக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு 2017-இல் வெளியானது. ரத்தத்தில் மருந்தின் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. ரசத்தில் போடும் மிளகும் தூய பைப்பரினும் ஒன்றல்ல. மிளகு ரசத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. மஞ்சள், மிளகுச் சத்து என்று கேப்சூலாக விற்பதை மூட்டுவலிக்கு வாங்கி மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறவர் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது 'செட் மாத்திரை'. பெயர் தெரியாத நான்கைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். போட்ட அரை நாளில் உடம்பு பறக்கும். அந்தச் சுறுசுறுப்புக்குக் காரணம் பல சமயம் அதில் இருக்கும் சின்ன ஸ்டீராய்டு மாத்திரை. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பைப் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் ஆபத்து பல மடங்காகிறது. லேபிள் இல்லாத மூட்டுவலிச் சூரணங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது.

சிறுநீரகமும் பிணந்தின்னிக் கழுகும்

வயிற்றுக்கு அடுத்து மாத்திரை கை வைப்பது சிறுநீரகத்தில். உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாயை விரித்து வைத்துக் காப்பாற்றுவது புரோஸ்டகிளாண்டின். வெயிலில் வேலை செய்து வியர்த்துக் களைத்தவர், தண்ணீர் குடிக்காமல் வலி மாத்திரை போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. டீ குடித்தால் உடம்பு நீர் எல்லாம் சிறுநீராகப் போய்விடும் என்பது மிகை. டீயும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். ஆனால் அரை நாள் வேலைக்கு இரண்டு சின்ன கிளாஸ் டீ போதாது.

வலி மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யக்கூடும் என்பதற்கு இந்தியா கொடுத்த விலை பெரியது. வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. காரணம் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் இந்தியா தடை செய்தது. தமிழ்நாட்டில் இப்போது அந்தக் கழுகுகளைப் பார்க்க நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு சுலபமாக விழாது. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் கவனமாக இருக்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் அந்த மாத்திரைகள் இன்று வீட்டு வாசலுக்கே வருகின்றன. இனாலாப்ரில் அல்லது லோசார்டான், கூடவே சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, மூன்றாவதாக ஒரு வலி மாத்திரை என்று சேரும்போது சிறுநீரகம் திடீரெனத் திணறலாம். வலி மாத்திரை உப்பைத் தேக்கி ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். காஃபினும் சற்று நேரத்துக்கு ஏற்றும். அழுத்தம் பார்க்கும் நாளில், பார்ப்பதற்கு முன் டீ வேண்டாம்.

என்ன செய்யலாம்?

டீயை விட வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும். எழுந்ததும் குடிக்கும் டீக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பின் டீ என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பானது. கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 180 நாள் கொடுக்கப்படும் மாத்திரை டீயில் விழுந்து மையாகக் கூடாது. கர்ப்பிணிகள் வலி மாத்திரையைத் தாமாகத் தொடவே கூடாது. 20 வாரங்களுக்குப் பின் அது குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம்.

வலி மாத்திரையை உணவுக்குப் பின், முழு டம்ளர் தண்ணீரோடு, தேவையான மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாள்களுக்குப் போடுவது நல்லது. சில வாரங்கள் தொடர வேண்டும் என்றால், அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோல் போன்ற மாத்திரை துணைக்கு வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர், முன்பு அல்சர் வந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், சிறுநீரக, இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. காய்ச்சலோடு உடம்பு வலி வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

தார் போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில், கடும் நாற்றத்தோடு மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதில் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது.

மாதக்கணக்கில் முட்டி வலிக்கும் இடுப்பு வலிக்கும் மாத்திரை போட்டுவருகிறவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளலாம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சில நிமிடங்கள், காசு கிடையாது. பெண்ணுக்கு 12 கிராமுக்கும் ஆணுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால், தாம் போடும் வலி மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அட்டையைக் காட்டாமல் அசதி என்று மட்டும் சொன்னால், இரும்புச்சத்து மாத்திரையோடு திரும்பி வருவார்கள், கசிவு தொடரும்.